விழாத கோல்

வானம் கண்ணீர் வடித்ததாம். மங்கை அந்த வரியை இரண்டாம் தடவை படித்தாள், முதல் தடவை அப்பாவின் காதில் விழவில்லை என்று நினைத்து. விழுந்தது. காதுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. காது, கண், முட்டி எல்லாம் அதனதன் இடத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பரீட்சை தலைக்கு. ஜம்புலிங்கம் ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில், இரும்பு பெஞ்சில், இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மழை பெய்தது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும். பெனடிக்ட்டுக்கு மழை பெய்தால் மழை என்றுதான் தெரியும். மில் ஃபுட்பால் டீமில் இவர் பின்னால் நின்று கோலைத் தடுக்கிற ஸ்டாப்பர், அவன் முன்னால் ஓடிக் கோல் போடுகிற சென்டர் ஃபார்வர்டு. அத்தனை வருஷம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடியவர் இவர். தூறல் விழுந்தால் "சனியன், ஷூ ஊறிடும்டா" என்பான். அதற்கு மேல் வானத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. இப்போது புத்தகம் போட்டுவிட்டான். 'என் கால் போன பாதை.' அட்டையில் பந்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, யானையைச் சுட்டுக் கொன்றவன் மாதிரி நிற்கிறான். எவனோ ஒரு பத்திரிகைக்காரனை எதிரே உட்காரவைத்துச் சொல்லியிருப்பான். கண்ணீரை அந்தப் பத்திரிகைக்காரன் சேர்த்திருப்பான். "நைனா, கேக்கிறியா?" என்றாள் மங்கை. "கேக்குறேன், படி." "எதுல வுட்டேன், சொல்லு." "வானம் அயுதுச்சு." அவள் சிரித்தாள். சிரித்தாலும் அவள் கண் இவர் முகத்தைத் தடவிப் பார்த்தது. சரியாகச் சொன்னாரா என்று பார்க்கிறாள். இப்போதெல்லாம் அவள் கேட்பது எல்லாமே கேள்வித்தாள்தான். சாப்டியா நைனா, இன்னா சாப்ட்ட. சாப்பிட்டதில் அவளுக்கு அக்கறை இல்லை, இன்னா என்பதில்தான்.

போன மாதம் நடந்தது நடந்தது. பால் வாங்கப் போனவர் பஸ் ஏறி மில் வாசலில் இறங்கியிருக்கிறார். மில்லை இடித்து எவ்வளவோ காலம். அங்கே இப்போது வானம் தெரியாமல் மாடி மாடியாக வீடுகள். "யாரப் பாக்கணும் பெரியவரே" என்று செக்யூரிட்டி கேட்டதற்கு "பிராக்டீஸ்" என்றாராம், கையில் பால் கூடையோடு. இவருக்கு இது தெரியாது. செக்யூரிட்டி மங்கையிடம் சொல்லி, மங்கை இவரிடம் சொன்னது. தேடிப் பார்த்தால் இவரிடம் அதில் ஒன்றும் இல்லை, பஸ் இல்லை, வாசல் இல்லை, செக்யூரிட்டி இல்லை. எவனோ ஒரு கிழவன் செய்த காரியத்துக்கு இவரைப் பிடித்து வைத்து விசாரிக்கிறார்கள். மங்கை அன்றைக்கே சொல்லிவிட்டாள், சண்டை இல்லாமல், அதுதான் பயமாக இருந்தது: "டாக்டரம்மா தனியா இருக்கலாம்னு சொல்ட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன் நைனா. இல்லன்னா நீ என்கூட ஆவடிக்கு வந்துடணும்." ஆவடியில் குறை ஒன்றும் இல்லை. மருமகன் தங்கமானவன். டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "மாமா, ஃபேன் வேணுமா" என்பான். அங்கே இவருக்குக் கூடத்தில் ஒரு கட்டில் போடுவார்கள். எல்லாரும் நடந்துகொண்டே இருக்கும் கூடம். புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு வீடு சின்னதுதான், சுவரில் ஈரம்தான், ஆனால் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ் போடலாம். ஒரு மனுஷன் தன் கதவைத் தானே உள்ளேயிருந்து தாழ் போடுவது. அது போய்விட்டால் அப்புறம் யாராவது சாத்துவார்கள், யாராவது திறப்பார்கள். அதனால் இவர் தயாராகத்தான் வந்திருக்கிறார். தேதி, கிழமை, மாதம். இங்கிலீஷ் மாதம், தமிழ் மாதம் இரண்டும். கடிகாரம் வரையச் சொல்வார்களாம். பேப்பர் ஓரத்திலெல்லாம் வட்டம் போட்டுப் போட்டு முள் வைத்துப் பழகியாயிற்று. பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் மில்லுக்கே போயிருக்க வேண்டாம். கிழமை வெள்ளி. இல்லை, வியாழன். வரும்போது கோயில் வாசலில் மஞ்சள் துணி கட்டிக் கொண்டைக்கடலை மாலை விற்றார்கள், வியாழன்தான். பார்த்தாயா, தலை வேலை செய்கிறது. வேலை செய்கிறதா என்று பார்க்கிற வேலையும் அதுவே செய்ய வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கல்.

பக்கத்துப் பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர். அவர் தோளில் அவருடைய அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். "இன்னா புக்கு தங்கச்சி அது? சாமி புக்கா?" என்றார். "இல்லண்ணா, ஃபுட்பால் ஆடுனவரு ஒருத்தரு தன் கதைய எய்திருக்காரு." "அத வேற எய்துறாங்களா? பந்து வந்துச்சு, ஒதச்சேன், போச்சு. அதுக்கு இத்தாம்பெரிய புக்கு இன்னாத்துக்கு?" ஜம்புலிங்கத்துக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. "அதான் நானும் கேக்குறேன்" என்றார். "பெருசு, நீயும் ஆடுவியா?" "ஆடுனேன்." "அப்ப நீ ஏன் எய்தல?" "எனக்கு வேல இருந்துச்சு." ஆட்டோக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார், அம்மா கண்ணைத் திறந்து "வூடு வந்துச்சா" என்றாள், "இல்லம்மா, நீ தூங்கு" என்றார். மங்கை படிப்பதைத் தொடர்ந்தாள். மில் வாசகசாலையில் இந்த மாதிரிப் புத்தகங்கள் இரண்டு மூன்று இருந்தன, வெளிநாட்டுக்காரர்களுடையது. மதிய ஷிப்டு முடிந்து படித்திருக்கிறார். எல்லாம் ஒரே புத்தகம். ஏழைத் தெரு. துணிப்பந்து. கஞ்சி ஊற்றிய அம்மா. ஒரு மாஸ்டர் வந்து தோளில் கை வைப்பான். அப்புறம் கோல், கோல், கோப்பை, முட்டியில் அடி, கடவுளுக்கு நன்றி. பேரை மாற்றினால் போதும், ஊர்கூட மாற்ற வேண்டாம். மேட்சுக்கு முன்னால் கக்கூசில் நின்று வாந்தி எடுத்ததை ஒருத்தனும் எழுதவில்லை. மறுநாள் தறி ஓடும்போது ஒவ்வொரு தட்டும் மண்டைக்குள் விழுந்ததை எழுதவில்லை. எழுதுகிறவன் எப்போதும் ஃபார்வர்டு. அதுவும் நியாயம்தான். விழுந்த கோலைச் சொல்லலாம், அதற்கு ஒரு நிமிஷம் உண்டு, ஒரு மூலை உண்டு, வலை ஆடியது உண்டு. ஸ்டாப்பர் என்னத்தைச் சொல்வான். அவன் வாழ்க்கை முழுக்க நடக்காமல் போனது. விழாத கோல்தான் அவன் சம்பாத்தியம். அன்றைக்கு இந்தப் பந்து உள்ளே போகவில்லை, மறுவாரம் அந்தப் பந்து உள்ளே போகவில்லை. இதைக் காசு கொடுத்து எவன் வாங்கிப் படிப்பான்.

மங்கை இப்போது துளசிங்கம் மாஸ்டரைப் பற்றிய பக்கத்துக்கு வந்திருந்தாள். தந்தையினும் மேலானவர் என்று எழுதியிருந்தது. இருக்கட்டும். மாஸ்டர் கெட்டவர் இல்லை. வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில், வாய் நிறைய வெற்றிலை. சாயப் பட்டறைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு, அதில் எப்போதும் நீலத் தண்ணீர் நிற்கும். சாயங்காலமே பந்துகளை அதில் போட்டு மேலே கல் வைத்துவிடுவார் மாஸ்டர். அப்போதெல்லாம் தோல் பந்து, வாயில் கயிறு கட்டிய பந்து. காலையில் எடுத்தால் தண்ணீர் குடித்துக் குடித்துக் கருங்கல் மாதிரி இருக்கும். தண்ணிப் பந்து என்று பெயர். ஸ்டாப்பர், பேக், ஹாஃப் என்று பின்னால் நின்று தடுக்கிறவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, மேலே தூக்கிப் போடுவார். நெற்றியால் அடிக்க வேண்டும். கண்ணை மூடினவன் மறுபடி வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும். இதில் தேறிவிட்டால் மேட்சில் வருவது எல்லாம் பூப்பந்து என்பார். மண்டை எலும்பு அடி வாங்க வாங்கக் கெட்டிப்படும் என்பார். எல்லாரும் நம்பினோம். நம்பினோம் என்ன, ஆசைப்பட்டு நின்றோம். நெற்றி நடுவில் கயிற்றுத் தடமும் நீலக் கறையும் இருந்தால், அவன் மில் டீம் பின்வரிசைக்காரன் என்று கடைத்தெருவில் வழி விடுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவாமல் ஷிப்டுக்குப் போனவர்கள் உண்டு. இவரும் கழுவியதில்லை. அடித்து முடித்துக் கண்ணில் பூச்சி பறக்கும்போது, வலது பக்க ஹாஃப் நாதமுனி தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்பான், "ஜம்பு, இன்னிக்கி உனுக்கு இன்னா பூச்சி? எனுக்கு மின்மினிடா." சிரிப்போம். சிரிக்கும்போது பின்மண்டை வலிக்கும், அதற்கும் சிரிப்போம். நாதமுனி இப்போது தன் பெண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிடுகிறான். பாத்ரூம் போக அவளிடம் விரலைத் தூக்கிக் காட்டுகிறான். லெஃப்ட் பேக் வேணு சாகும்போது அவனுக்குத் தன் பேர் தெரியாது. வயசாச்சு, என்ன பண்றது என்றார்கள். வயசு எல்லாருக்கும்தான் ஆயிற்று. பெனடிக்ட்டுக்கும் இதே வயசு. ஃபார்வர்டுகளை மாஸ்டர் தொட்டிப் பக்கமே விட்டதில்லை. "உனக்குக் காலு போதும், நீ தள்ளி நில்லு" என்பார். தலை நனையாதவன் எழுதுகிறான். நனைந்தவன் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து கிழமை என்ன என்று மனப்பாடம் செய்கிறான். வியாழன். கொண்டைக்கடலை, வியாழன். தொட்டியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டா என்று மங்கையிடம் கேட்டார். அவள் அந்த அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தொட்டி?" என்றாள்.

"நைனா, இந்தா, ஃபைனல் வந்துச்சு" என்றாள் பிறகு, குரலே மாறி. இந்தப் பக்கத்துக்காகத்தான் அவள் காலையிலிருந்து படித்துக்கொண்டு வருகிறாள். சின்ன வயதில் கரண்ட் போனால் இந்தக் கதைதான். மடியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பால இன்னா ஆச்சு, தலைய வச்சியா" என்று கேட்பாள், இவர் குனிந்து அவள் நெற்றியில் தன் நெற்றியை முட்டுவார். மழை மேட்ச். ஒன்றுக்குப் பூஜ்யம், பெனடிக்ட் போட்ட கோல். கடைசி நேரத்தில் எதிர் டீமுக்குக் கார்னர். கோல் காக்கிற கோலி மொய்தீன் வெளியே வந்து வழுக்கி விழுந்துவிட்டான். திறந்த கோல். பந்து நேராக வருகிறது, இவர் கோட்டின் மேல் நிற்கிறார், கண்ணை மூடவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மைதானத்து ஓரத்தில் யாரோ முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள், கோப்பை இவர்களுக்கு. மங்கை படித்தாள். "மொய்தீன் நிலைதடுமாறி வீழ்ந்தான். எங்கள் இதயங்கள் நின்றுபோயின. சீறி வந்த பந்து கம்பத்தில் மோதி, டங் என்ற ஓசையுடன் திரும்பியது. அன்று கம்பத்தின் வடிவில் இறைவன் எங்களைக் காத்தான்." படித்தவள் நிறுத்தினாள். விரலை வைத்துக்கொண்டு மறுபடி மனசுக்குள் படித்தாள், உதடு அசைந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், திரும்பி வந்தாள். "உன் பேரக் காணோமே நைனா." "இருக்காது." "போஸ்ட்ல பட்டுச்சுன்னு போட்ருக்கு." "போட்டா போட்டுக்கட்டும்." "நீதான முட்டுன?" "ஆமா." "அவருக்கு மறந்து பூட்டுருக்கும்" என்றாள் மங்கை. சொன்ன பிறகு அந்தச் சொல் இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு மறந்துபோயிருக்கும். யாருக்கு.

"அட்டெண்டர் மட்டும் முதல்ல வாங்க, பேஷண்ட் அப்புறம்" என்று நர்ஸ் கதவுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னாள். கூட வந்தவர்களைத்தான் அட்டெண்டர் என்கிறார்கள். மங்கை புத்தகத்தை இவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். டாக்டரம்மா எழுதுவது தெரிந்தது, மங்கையின் கை ஆடுவது தெரிந்தது. பஸ்ஸைச் சொல்வாள். கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டதைச் சொல்வாள். சொல்லட்டும். டங். மரக் கம்பம் எப்படி டங் என்று கேட்கும். அந்தக் காலத்தில் எங்கே இருந்தது இரும்புக் கம்பம். சவுக்குக் கட்டைக்குச் சுண்ணாம்பு அடித்து நட்டு வைத்திருப்பார்கள். மழையில் ஊறின கட்டை, மழையில் ஊறின பந்து. தொப் என்று கேட்கும், மாட்டின் முதுகில் கையால் தட்டின மாதிரி. டங் என்று எழுதினவன் அந்த மேட்சைப் பார்த்தவன் இல்லை. இது போதும், இது சாட்சி. ஆனால் பெனடிக்ட் பார்த்தானே. பெனடிக்ட் எங்கே நின்றான், நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், மழை, அவனுக்கு என்ன தெரிந்திருக்கும். தெரியாததை ஏன் சொன்னான். பொய் சொல்கிறவன் இல்லை அவன், சுயநலக்காரன், அவ்வளவுதான். அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால். இவருக்கு அடி பட்டு விழுந்தது நிஜம். எதில் பட்டு விழுந்தார், பந்திலா கம்பத்திலா. கம்பத்தில் இவரே போய் மோதியிருந்தால். முட்டினேன் என்று இவருக்கு யார் சொன்னது. முகத்தில் தண்ணீர் அடித்தது யார், நாதமுனி. "கல்லு மாரி நின்னடா ஜம்பு" என்றது நாதமுனி. ஆக இது இவர் பார்த்ததா, நாதமுனி சொன்னதா, மங்கைக்குச் சொல்லிச் சொல்லி வந்ததா. மொய்தீன் போய்விட்டான். மாஸ்டர் போய்விட்டார். நாதமுனியிடம் கேட்கலாம், அவன் விரலைத் தூக்கிக் காட்டுவான். அன்றைக்கு மைதானத்தில் நின்றவர்களில் இன்றைக்கு வாய் இருப்பது பெனடிக்ட்டுக்கு மட்டும். இனிமேல் அது நடந்தது எப்படி என்று எவனாவது கேட்டால் இந்தப் புத்தகத்தைத்தான் பிரிப்பான். படிக்கத் தகுமா தகாதா என்ற பேச்சே இல்லை, இதைவிட்டால் வேறு சாட்சி இருக்காது. கண்ணை மூடினார். கார்னர். மழை. மொய்தீன் சறுக்குகிறான். பந்து வருகிறது. டங். இல்லை. மறுபடி. கார்னர், மழை, பந்து வருகிறது, கயிறு கட்டிய பக்கம் தன்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே வருகிறது, ஈரத்தில் கறுத்த தோல், அதில் ஒரு புல் ஒட்டியிருக்கிறது, ஒற்றைப் புல். அந்தப் புல்லை நாதமுனி பார்த்திருக்க மாட்டான். மங்கைக்கு இவர் சொன்னதில்லை. புத்தகத்தில் இல்லை. முகத்துக்கு முன்னால் ஒரு முழம் தூரத்தில் வந்தால்தான் தெரியும் அது. முட்டினவனுக்கு மட்டும் தெரியும். ஜம்புலிங்கம் கண்ணைத் திறந்தார். மடியிலிருந்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். "டீ வாங்கியாரவா பெருசு?" என்றார் ஆட்டோக்காரர். "வேணாம்பா." "பயப்படாத. எங்கம்மாவயும் அப்டித்தான் கேட்டாங்க, சும்மா கேள்விதான்."

உள்ளே டாக்டரம்மா சின்னப் பெண், மங்கையைவிடச் சின்னவள். எழுந்து நின்று "வாங்க ஐயா, உக்காருங்க" என்றாள். மங்கை அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். "நான் மூணு வார்த்தை சொல்றேன் ஐயா, மனசுல வச்சுக்கங்க, அப்புறமா கேப்பேன். வாழைப்பழம், நாற்காலி, சிவப்பு." வாழைப்பழம், நாற்காலி, சிவப்பு. இன்னிக்கு என்ன கிழமை. வியாழன். தேதி சொன்னார், மாதம் சொன்னார், ஐப்பசி என்றும் சேர்த்துச் சொன்னார், டாக்டரம்மா சிரித்தாள், "எனக்கே தெரியாது ஐயா." வாழைப்பழம், நாற்காலி, சிவப்பு. எந்த மாடியில் இருக்கிறோம். முதல் மாடி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூணு, எண்பத்தாறு, வாழைப்பழம், எழுபத்தொன்பது, நாற்காலி, எழுபது, எழுபத்தி, நாற்காலி. "போதும் ஐயா, நல்லா சொன்னீங்க." நல்லா சொல்லவில்லை, இவருக்குத் தெரியும். வட்டம் போட்டார், எண் எழுதினார், முள் வைத்தார், அது நன்றாக வந்தது, கடைத்தெருவில் மாட்டலாம். "இப்ப அந்த மூணு வார்த்தை?" "வாழைப்பழம். நாற்காலி." மூன்றாவது இருந்த இடத்தில் தொட்டித் தண்ணீர் நின்றது. நிறம் என்று தெரிகிறது. நிறம்தான். "நீலம்" என்றார். சுவரோரத்தில் மங்கையின் நாற்காலி கிறீச்சிட்டது. "பரவால்ல ஐயா" என்றாள் டாக்டரம்மா, ஏதோ கிறுக்கிக்கொண்டே. கழித்தலில் போச்சு, நிறத்தில் போச்சு. இன்னும் ஒன்று விட்டால் ஆட்டம் முடிந்தது. ஆவடி, கூடத்தில் கட்டில், மாமா ஃபேன் வேணுமா.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. இதுக்கு தப்பு, ரைட்டு எல்லாம் இல்ல, சும்மா பேசிட்டிருப்போம்" என்று டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். தப்பு ரைட்டு இல்லாத கேள்வியை ஆஸ்பத்திரியில் எவன் கேட்பான். "நீங்க பெரிய ஃபுட்பால் பிளேயராமே. அந்த ஃபைனல் மேட்ச், மழையில ஆடினது, அதோட கடைசியில என்ன ஆச்சு? சொல்லுங்க." சொல்லிக்கொண்டே புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தாள், பிரித்தாள். மங்கை பக்கத்தை மடித்து வைத்திருந்தாள் போல. அது தானாகவே அந்த இடத்தில் திறந்துகொண்டது. ஜம்புலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. விடைத்தாள் அது. முட்டினேன் என்று சொன்னால் இவள் பக்கத்தைப் பார்ப்பாள். அச்சில் கம்பம் என்று இருக்கும். கிழவனுக்குக் கலக்கம், நடக்காததை நடந்ததாகச் சொல்கிறான் என்று எழுதுவாள், பிராக்டீஸுக்குப் போன மாதிரிதான் இதுவும் என்பாள். அச்சடித்த புத்தகத்துக்கும் பால் கூடையோடு மில் வாசலில் நின்றவனுக்கும் நடுவில் எதை நம்புவாள். படித்தவள், புத்தகத்தைத்தான் நம்புவாள், நம்பத்தான் வேண்டும். அவள்மேல் குற்றம் இல்லை. பந்து வருகிறது. இப்போதுகூட வருகிறது, மேஜைக்கு மேலே, பேனா டப்பாவைத் தாண்டி, கறுத்த தோலும் ஒற்றைப் புல்லும் அவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது. ஒதுங்கிக்கொள்ளலாம். வாழ்க்கையில் ஒரு தடவை ஒதுங்கிக்கொண்டால் என்ன. யாருக்கு நஷ்டம். நடக்காமல் போன ஒன்று, இன்னும் கொஞ்சம் நடக்காமல் போகட்டும். வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தனக்குத்தானே முட்டிக்கொள்ளலாம். "கார்னர் அடிச்சாங்க" என்றார். "கோலி வழுக்கிட்டான். பந்து போஸ்ட்ல பட்டுத் திரும்பிச்சு. கடவுள் புண்ணியம். கோப்ப எங்களுக்கு." தடங்கல் இல்லாமல் வந்தது. அவருக்கே திருப்தியாக இருந்தது.

டாக்டரம்மா புத்தகத்தைப் பார்க்கவில்லை. மங்கையைப் பார்த்தாள். மங்கை முந்தானையை வாயில் வைத்திருந்தாள். "நீங்க அப்ப சொன்னது?" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "தலையால முட்டித் தள்னேன்னுதான் மேடம் சொல்வாரு. நான் பொறந்ததுலேர்ந்து கேட்டுனுகீறேன். எது மறந்தாலும் அத மட்டும் மறக்க மாட்டாருன்னுதான் உங்களாண்ட சொன்னேன்." டாக்டரம்மா பேனாவின் மூடியைத் திறந்தாள். ஜம்புலிங்கம் நாற்காலி நுனிக்கு வந்தார். "வேணும்னேதாம்மா அப்டி சொன்னேன். புக்குல அப்டி போட்ருக்கான், அதான். முட்னது நான்தான்." "சரிங்க ஐயா." "சரி இல்லம்மா. நெசமா. நீங்க புக்கப் பாத்துத் தப்புன்னு போட்டுடுவீங்கன்னு சொன்னேன்." "ஆமாங்க ஐயா, பரவால்ல. டென்ஷன் ஆகாதீங்க." "பந்துல புல்லு ஒட்டினு இருந்துச்சு" என்றார். சொன்னதும் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே கேட்டது. வீட்டுக்கு வழி தெரியாத கிழவன், பந்தில் புல் ஒட்டியிருந்தது என்கிறான். மங்கை எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள், "வுடு நைனா, வுடு" என்றாள். அந்தக் கையைத் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தார். தள்ளினால் அதையும் எழுதுவார்கள். எப்படி நிரூபிப்பது. பொய் சொன்னேன் என்பதற்குச் சாட்சி கேட்டால் எங்கே போவது. தான் வேண்டுமென்றே சொன்னதுதான் என்று இவருக்குத் தெரியும். தெரியும்தானே. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தானே, யோசித்துத்தானே சொன்னார். யோசித்ததைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். இருந்தது. நாளைக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

"ராத்திரி நல்லா தூங்குறாரா?" என்று டாக்டரம்மா கேட்டாள். ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். கேள்வி அவரிடம் வரவில்லை, தலைக்கு மேலே போய்விட்டது, அவருக்குப் பின்னால் நின்றிருந்தவளிடம். "அதெல்லாம் நல்லா தூங்குவாரு மேடம், படுத்தா காலீலதான் எந்திரிப்பாரு" என்றாள் மங்கை. பெண்டாட்டி போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்கியதில்லை. விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார், பால் வண்டி வரும்வரை. யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டாள். பேனா அந்த வரியின் கடைசிவரை போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜம்புலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.